ஒரே ஒரு புத்தகம் இருக்கற டேட்டாபேஸ்

ஃபயர்பேர்ட்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு. இதைப் படிக்கறவங்கள்ல பாதி பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, மீதிப் பேர் "அது இன்னுமா இருக்கு?"ன்னு கேப்பீங்க. இருக்குங்க, நல்லாவே இருக்கு. 2024 ஜனவரில 5.0 வந்துச்சு. டெல்ஃபிங்கற ப்ரோகிராமிங் டூல்ல எழுதின பழைய பில்லிங் சாஃப்ட்வேர், ஸ்டாக் சாஃப்ட்வேர் எதையாவது பிரிச்சுப் பார்த்தீங்கன்னா உள்ள இது உக்காந்திருக்க நிறைய சான்ஸ் இருக்கு. எனக்கு சோறு போடறதுல பாதி இதுதான்.

ஆனா இதைப் பத்தி இங்கிலீஷ்ல, முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு உக்காந்து படிக்கற மாதிரி அச்சுல வந்த பெரிய புத்தகம்னா நான் கை காட்டறது ஒண்ணே ஒண்ணைத்தான். ஹெலன் போரி எழுதின 'தி ஃபயர்பேர்ட் புக்'. 2004ல ஏப்ரெஸ் போட்டாங்க, ஆயிரம் பக்கத்துக்கு மேல, தலைக்கு வெச்சுப் படுக்கலாம். அப்புறம் 2013ல அதே அம்மா ரெண்டாவது எடிஷன் கொண்டு வந்தாங்க, இந்த தடவை பெரிய பதிப்பகம் எதுவும் கிடையாது, மூணு வால்யூமா, ஆர்டர் வந்தா மட்டும் அச்சடிச்சு அனுப்பற ஏற்பாடு. அது 2.5 வெர்ஷனோட நின்னுடுச்சு. 2016ல 3.0 வந்து ஆத்தென்டிகேஷன்லேர்ந்து ஒரே சர்வர் பல கோர்ல ஓடறது வரைக்கும் எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டாங்க, 2021ல 4.0, இப்போ 5.0, ஆனா அந்த அளவுல ஒரு புத்தகம் மறுபடி வரல.

இந்தப் பஞ்சத்தைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். "எல்லாம் நெட்லதான் இருக்கே, புத்தகம் எதுக்கு?"ன்னு ஆபீஸ்ல சின்னப் பசங்க கேக்கறப்போ எல்லாம் ஒரு அரை பதில் சொல்லிட்டு விட்டுடுவேன். முழு பதில் இங்க.

முதல்ல கொஞ்சம் கதை, ஏன்னா கதைலயே பாதி காரணம் இருக்கு. ஃபயர்பேர்டோட அப்பா பேரு இன்டர்பேஸ். ஜிம் ஸ்டார்க்கின்னு ஒருத்தர் டிஇசி கம்பெனில டேட்டாபேஸ் வேலை பார்த்துட்டு 80கள் நடுவுல வெளிய வந்து ஆரம்பிச்சது. ஒருத்தர் படிக்கறப்போ இன்னொருத்தர் எழுதினா யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம், ரோவோட (டேபிள்ல இருக்கற ஒரு வரி) பழைய வெர்ஷனையும் கூடவே வெச்சுக்கலாம்ங்கற ஐடியாவை விக்கற சரக்குலயே அப்பவே கொண்டு வந்தவங்க இவங்க. இன்னிக்கு போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ்ல எல்லாரும் எம்விசிசின்னு பெருமையா பேசறது இதே குடும்பத்து ஐடியாதான். அந்த இன்டர்பேஸை ஆஷ்டன்-டேட் வாங்கினாங்க. ஆமா, நம்ம டிபேஸ்ங்கற டேட்டாபேஸைப் போட்ட அதே ஆஷ்டன்-டேட். 1991ல போர்லாண்ட் வந்து ஆஷ்டன்-டேட்டையே முழுங்கிட்டாங்க. 2000 ஜூலைல போர்லாண்ட் இன்டர்பேஸ் 6.0 சோர்ஸ் கோடை வெளில விட்டாங்க, அதை எடுத்துக்கிட்டு தனியா கிளம்பினவங்க வெச்ச பேருதான் ஃபயர்பேர்ட். சோர்ஸ் வெளில வந்த சில மாசத்துலயே உள்ள ஒரு பின்வாசல் இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க, யூசர் பேரு 'பொலிட்டிகலி', பாஸ்வேர்டு 'கரெக்ட்', 1994லேர்ந்து கோட்லயே எழுதி வெச்சிருந்தது, எவ்வளவு வருஷமா உலகம் பூரா சர்வர்ல திறந்து கிடந்துச்சு பாருங்க. இந்த மாதிரி விஷயத்துக்காகவே எனக்கு இந்த டேட்டாபேஸ் மேல ஒரு தனிப் பாசம்.

விஷயத்துக்கு வரேன். டிபேஸும் இன்டர்பேஸும் ஒரு காலத்துல ஒரே கூரைக்குக் கீழ இருந்த சரக்கு. ஒண்ணுக்கு புத்தகம் மலை மாதிரி குவிஞ்சுச்சு. 90கள்ல தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்த காலத்துல ஆர்.கே.தக்ஸாலியோட 'டிபேஸ் த்ரீ ப்ளஸ் மேட் சிம்பிள்' இல்லாத சென்டரே கிடையாது, அதுக்கப்புறம் அவரே ஃபாக்ஸ்ப்ரோவுக்கும் எழுதினார். ஆரக்கிள் டேட்டாபேஸ்னா ஐவன் பேராஸ் எழுதின புத்தகம். இந்தப் புத்தகங்களை வாங்கினவங்க எல்லாம் டேட்டாபேஸ் வெச்சு வேலை பார்த்தவங்க இல்ல, படிச்சா வேலை கிடைக்கும்னு நம்பி கோர்ஸ்ல சேர்ந்தவங்க. இதுதான் இதுல முக்கியமான சூத்திரம்னு நான் நினைக்கறேன். புத்தகத்தை வாங்கறவன் ஒரு டெக்னாலஜியை யூஸ் பண்றவன் இல்ல, அதைக் கத்துக்கணும்னு காசு கட்டத் தயாரா இருக்கறவன். இந்த ரெண்டு கூட்டமும் வேற வேற.

இதை ஒத்துக்கலைன்னா எஸ்க்யூலைட்டைப் பாருங்க. உங்க பாக்கெட்ல இருக்கற போன்லயே எத்தனையோ எஸ்க்யூலைட் ஃபைல் இருக்கும், உலகத்துலயே அதிகமா ஓடற டேட்டாபேஸ் அதுதான். அதுக்கு பேர் சொல்ற மாதிரி புத்தகம்னா 2006ல மைக் ஓவன்ஸ் எழுதினது, அது 2010ல ரெண்டாவது எடிஷன் கண்டுச்சு, அதே 2010ல ஓ'ரெய்லில ஜே கிரைபிக் எழுதினது, இப்படி விரல் விட்டு எண்ணலாம். ஏன்னா யூஸ் பண்றவனுக்கு தான் யூஸ் பண்றோம்னே தெரியாது.

இன்னொரு கோடில மம்ப்ஸ். 1960கள்ல பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில பொறந்த லாங்வேஜ், லாங்வேஜும் டேட்டாபேஸும் ஒண்ணாவே கலந்தது. அமெரிக்கால எபிக் மாதிரி பெரிய ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கு அடில இன்னிக்கும் அதோட வம்சம்தான் ஓடுது, கோடிக்கணக்கான பேஷன்ட் ரெக்கார்டு. ஆனா புத்தகம்னு கேட்டா இன்னமும் ரிச்சர்ட் வால்டர்ஸ் 1997ல எழுதினதைத்தான் தேடிப் போகணும். காரணம் சிம்பிள். வேலைக்கு எடுக்கற கம்பெனியே உள்ள உக்கார வெச்சு ட்ரெய்னிங் கொடுத்துடுது, வெளில நின்னு கத்துக்கறவன்னு ஒருத்தன் இல்லவே இல்ல.

சரி, காசு புழங்கற இடத்துலயாவது புத்தகம் இருக்கும்னு பார்த்தா கேடிபி ப்ளஸ்னு ஒரு டேட்டாபேஸ், அதோட லாங்வேஜ் பேரு க்யூ. பெரிய பேங்க், ட்ரேடிங் கம்பெனிங்கதான் வாங்குவாங்க, அது தெரிஞ்சவனுக்கு சம்பளம் கொட்டிக் கொடுப்பாங்க. ஜெஃப்ரி போரர் எழுதின 'க்யூ ஃபார் மார்ட்டல்ஸ்', 2015ல நிக் சாரிஸ் எழுதின 'க்யூ டிப்ஸ்', அப்புறம் இன்னும் ஒண்ணு ரெண்டு, அவ்வளவுதான் அலமாரி. பணம் இருக்கு, ஆனா தலை எண்ணிக்கை இல்ல. பதிப்பகத்துக்கு வேணுங்கறது தலை எண்ணிக்கை.

எழுதறவன் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்துடுவோம். சும்மா உதாரணத்துக்கு, புத்தகம் ஐம்பது டாலர்னு வெச்சுக்கோங்க, கடைக்காரன் கழிவு போக பதிப்பகத்துக்கு இருபத்தஞ்சு வருது, அதுல பத்து பர்சன்ட் ராயல்டின்னா ஒரு காப்பிக்கு ரெண்டரை டாலர். ஆயிரம் காப்பி வித்தா ரெண்டாயிரத்து ஐநூறு. சின்ன டேட்டாபேஸுக்கு ஆயிரம் காப்பி போறதே பெரிய விஷயம். அதுக்கு ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ராத்திரி, சனி ஞாயிறு எல்லாம் போகும். அந்த டேட்டாபேஸை ஆயிரம் பக்கத்துக்கு எழுதற அளவு தெரிஞ்சவனுக்கு கன்சல்டிங்ல நாலு நாள்ல அந்தக் காசு வந்துடும். அப்போ யாரு எழுதுவா? பைத்தியம் பிடிச்ச மாதிரி அதை நேசிக்கறவங்க மட்டும்தான் எழுதுவாங்க. அந்த மாதிரி ஆளு ஒரு டேட்டாபேஸுக்கு ஒருத்தர் கிடைச்சாலே அதிர்ஷ்டம். அவங்க எழுதி முடிக்கறதுக்குள்ள டெக்னாலஜி உயிரோட இருக்கணும், அது வேற. ரீதிங்க்டிபின்னு ஒரு டேட்டாபேஸ் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? கம்பெனியை மூடறோம்னு 2016 அக்டோபர்ல அறிவிச்சாங்க. 'மாஸ்டரிங் ரீதிங்க்டிபி'ன்னு பேக்ட் பதிப்பகம் போட்ட புத்தகம் அதே வருஷம் டிசம்பர்ல வருது! அந்த ஆத்தரை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும். ப்ராஜெக்ட் அப்புறம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போய் பிழைச்சுது, அது நல்ல விஷயம், ஆனா புத்தகம் வாங்க வந்த கூட்டம் அதுக்குள்ள கலைஞ்சு போச்சு. 'செவன் டேட்டாபேஸஸ் இன் செவன் வீக்ஸ்' புத்தகத்துல 2012ல ரியாக் ஏழுல ஒண்ணா இருந்துச்சு, 2018 எடிஷன்ல அதைத் தூக்கிட்டு டைனமோடிபி வெச்சுட்டாங்க, நடுவுல ரியாக் பண்ணின பாஷோ கம்பெனியே போயிடுச்சு. இதையெல்லாம் பார்த்த எடிட்டர் அடுத்த சின்ன டேட்டாபேஸ் புத்தகத்துக்கு எப்படி ஓகே சொல்லுவாரு?

நம்ம ஊர்ல இதுல இன்னொரு வடிகட்டி இருக்கு. ஓ'ரெய்லி புத்தகத்தை எல்லாம் நாம வாங்கினது ஷ்ராஃப் போட்ட இந்தியன் ரீப்ரின்ட்லதான், "இந்திய துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு"ன்னு அட்டைல போட்டிருக்குமே, அது. டாலர் விலைல பாதி கூட இருக்காது. ஆனா எதை ரீப்ரின்ட் போடணும்ங்கறதும் தலை எண்ணிக்கைதான். ஜாவாவுக்குப் போடுவான், மைஎஸ்க்யூஎல்லுக்குப் போடுவான். ஓரத்துல இருக்கற சரக்குக்கு ஒரிஜினல் இறக்குமதிதான் கதி. அதனால எங்க பழைய ஆபீஸ்ல ஃபயர்பேர்ட் புத்தகம்னா ஒரு ஒரிஜினல் சீனியர் அண்ணன் மேசை மேல, அதைத் தொட்டா அவருக்குக் கோவம் வரும், மத்தவங்க கைல ட்ரான்ஸாக்ஷன் (டேட்டாபேஸ்ல ஒண்ணா ஆரம்பிச்சு ஒண்ணா முடிக்கற வேலை) சாப்டர் மட்டும் ஜெராக்ஸ். அது தப்புன்னு தெரியும், இருந்தாலும் நடந்தது அதுதான்.

அந்த ஜெராக்ஸ் என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன். திருச்சில ஒரு மருந்து ஸ்டாக்கிஸ்ட், மொத்த வியாபாரம், எங்க சாஃப்ட்வேர் ஓடுது. அவர் அடிக்கடி போன் பண்ணுவாரு. "தம்பி, காலைல பறக்குதுய்யா, மூணு மணிக்கு மேல ஒரு பில்லு போட்டுட்டு டீ குடிச்சுட்டு வரலாம் போல இருக்கு." நான், "அண்ணே, நைட்டு எல்லா சிஸ்டத்தையும் ஆஃப் பண்ணிட்டுதானே போறீங்க?"ன்னு கேப்பேன். "அதெல்லாம் பண்றோம், மறுநாள் காலைல மறுபடி நல்லா ஓடுது, சாயந்தரம் மறுபடி அதே கதை." நெட்ல தேடினா கிடைக்கற பதில் எல்லாம் ஒண்ணுதான், ஜிபேக் வெச்சு பேக்கப் எடு, ரெஸ்டோர் பண்ணு, சரியாயிடும். பண்ணினா சரியாகும், அப்புறம் திரும்ப வரும். ராம் போடு, எஸ்எஸ்டி போடுன்னு சொன்னவங்களும் உண்டு.

ஜெராக்ஸ்ல சொன்ன மாதிரி, டேட்டாபேஸோட நிலவரத்தைக் காட்டற ஜிஸ்டாட் கமாண்டை ஹெட்டர் ஆப்ஷனோட ஓட்டிப் பார்த்தோம். நாலு நம்பர் வரும் அதுல. ஓல்டஸ்ட் ட்ரான்ஸாக்ஷன், ஓல்டஸ்ட் ஆக்டிவ், ஓல்டஸ்ட் ஸ்னாப்ஷாட், நெக்ஸ்ட் ட்ரான்ஸாக்ஷன். ஆரோக்கியமா இருக்கற டேட்டாபேஸ்ல இந்த நாலும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டே மேல ஏறும். இங்க நெக்ஸ்ட் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு, ஓல்டஸ்ட் ஆக்டிவ் காலைல கடை திறந்தப்போ எங்க நின்னுச்சோ அங்கயே நிக்குது. அதாவது யாரோ ஒருத்தர் காலைல ஆரம்பிச்ச ட்ரான்ஸாக்ஷனை இன்னும் விடல. அவருக்குத் தேவைப்படலாம்னு சர்வர் எல்லா பழைய ரோ வெர்ஷனையும் குப்பைல போடாம வெச்சிருக்கு. பாராசிட்டமால் 650 மாதிரி ஒரு ஐட்டம் இருக்கு பாருங்க, ஒவ்வொரு பில்லுக்கும் அதோட ஸ்டாக் ரோ அப்டேட் ஆகும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பின்னாடி ஒரு பழைய வெர்ஷன் தொங்கும், சாயந்தரத்துக்குள்ள அந்த ஒரு ரோவுக்குப் பின்னாடி நூத்துக்கணக்குல சங்கிலி. தானா கூட்டிப் பெருக்கற ஸ்வீப் 20,000 ட்ரான்ஸாக்ஷன் இடைவெளி விழுந்ததும் கிளம்பும், ஆனா அந்த ஒருத்தர் விடற வரைக்கும் அதாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நைட்டு ஆஃப் பண்ணினதும் பிடி விடுது, குப்பை போகுது, காலைல பறக்குது.

யாரு அந்த ஒருத்தர்னு பார்த்தா மேனேஜர் ரூம்ல நாள் பூரா திறந்தே கிடக்கற ஸ்டாக் ஸ்க்ரீன். அதுல டெல்ஃபி காம்பொனென்ட் கமிட் (செஞ்சதைப் பதிஞ்சு ட்ரான்ஸாக்ஷனை முடிக்கறது) பண்ற மாதிரி பாவ்லா காட்டிட்டு உள்ள கமிட் ரீட்டெய்னிங் பண்ணிட்டு இருந்துச்சு, டேட்டா சேவ் ஆகும், ஆனா ட்ரான்ஸாக்ஷனோட பிடி விடாது. ரெண்டு லைன் மாத்தினோம், முடிஞ்சுது.

இதுல புத்தகம் பண்ணின வேலை என்னன்னா, கமிட் ரீட்டெய்னிங்னு ஒரு சொல் இருக்குன்னே தெரியாதவன் அதை எப்படித் தேடுவான்? "ஃபயர்பேர்ட் ஸ்லோ"ன்னுதான் தேடுவான். (வெறும் ஃபயர்பேர்ட்னு தேடினா பழைய பான்டியாக் காரும் கிப்சன் கிட்டாரும் வரும், அது தனி சோகம்.) அந்த அம்மா ட்ரான்ஸாக்ஷன்னா என்ன, வெர்ஷன் எப்படி உண்டாகுது, எப்போ குப்பையாகுது, யாரு கூட்டறாங்க, கூட்ட விடாம தடுக்கறது எதுன்னு வரிசையா சொல்லிட்டு வந்ததாலதான் நாலு நம்பரைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிஞ்சுது. நெட்ல அந்த விஷயம் ஒவ்வொண்ணும் இருக்கு. வரிசை இல்ல.

வரிசை இல்லைங்கறதை கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும். ரொம்ப வருஷம் ஃபயர்பேர்டோட அதிகாரப்பூர்வ டாக்குமென்டேஷன் என்னன்னா, போர்லாண்ட் இன்டர்பேஸ் 6.0க்கு விட்ட பீட்டா பிடிஎஃப் ஒரு கட்டு, அதுக்கு மேல ஒவ்வொரு வெர்ஷன் ரிலீஸ் நோட்ஸ், அதுக்கு மேல லாங்வேஜ் ரெஃபரன்ஸ் அப்டேட்னு என்ன மாறிச்சுன்னு மட்டும் சொல்ற ஒரு டாக்குமென்ட். மூணையும் மனசுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு நீங்களே கூட்டிக் கழிச்சுக்கணும். 2.5க்கு ஒரே இடத்துல முழு ரெஃபரன்ஸ்னு கடைசில வந்தது, முதல்ல ரஷ்யன்ல எழுதினது, அதுக்கு ஸ்பான்சர் பண்ணினவங்கள்ல மாஸ்கோ எக்ஸ்சேஞ்சும் ஒண்ணு. அதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துதான் நமக்குக் கிடைச்சுது. ரஷ்யால இது ஓரத்து சரக்கு இல்ல, அங்க 2002லயே கொவ்யாசினும் வொஸ்த்ரிகோவும் 'மீர் இன்டர்பேஸ்'னு தனிப் புத்தகம் எழுதிட்டாங்க, ஹெலன் போரி புத்தகமும் ரஷ்யன்ல வந்துச்சு. பிரேசில்ல கார்லோஸ் கந்து போர்த்துகீஸ்ல எழுதினாரு. எந்த ஊர்ல டெல்ஃபி வேரூனிச்சோ அந்த ஊர்ல புத்தகமும் முளைச்சிருக்கு. நம்ம ஊர்லயும் டெல்ஃபி ஆளுங்க இருந்தாங்க, ஆனா சீக்கிரமே எல்லாரும் விஷுவல் பேசிக், அப்புறம் ஜாவா டாட்நெட்னு போயிட்டாங்க. தமிழ்ல டேட்டாபேஸ்னா து.நித்யா எழுதின 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' மின்னூலா இலவசமா கிடைக்குது, நல்லா எழுதியிருக்காங்க, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் அதைத்தான் அனுப்பறேன். ஃபயர்பேர்டுக்கு தமிழ்ல யாராவது எழுதினா நான் வாங்குவேன், என்னோட சேர்த்து எத்தனை பேர் வாங்குவாங்கன்னுதான் யோசனை.

இப்போ புதுசா ஒரு தலைவலி. ஏஐ கிட்ட கேட்டா சொல்லுமே, புத்தகம் எதுக்குன்னு. கேட்டுப் பாருங்க. முதல் பத்து ரோ எடுக்க க்வெரி எழுதுன்னா, பல தடவை லிமிட் 10னு கடைசில ஒட்டிக் கொடுக்கும். ஃபயர்பேர்ட்ல லிமிட்டே கிடையாதுங்க. பழைய ஸ்டைல்ல ஃபர்ஸ்ட், ஸ்கிப்னு செலக்ட்டை ஒட்டியே போடணும், 2.0லேர்ந்து ரோஸ், 3.0லேர்ந்து ஆஃப்செட், ஃபெட்ச். இதை நான் திருத்திடுவேன், எர்ரர் வந்தா யாரும் திருத்திடுவாங்க, அது பிரச்சனையே இல்ல. எர்ரர் வராத தப்பு இருக்கு பாருங்க, மைஎஸ்க்யூஎல் ட்ரான்ஸாக்ஷன் பழக்கத்தை அப்படியே இங்க கொண்டு வந்து அட்வைஸ் பண்றது, அதைப் பிடிக்க உங்க தலைல ஏற்கனவே அந்த சாப்டர் இருக்கணும். ஏஐ எதைப் படிச்சு வளர்ந்துச்சோ அதுல மைஎஸ்க்யூஎல் கடல் அளவு, இது கைப்பிடி அளவு. அலமாரில இருந்த அதே பஞ்சம் அப்படியே உள்ள போயிருக்கு.

அதனால 2004 எடிஷன் எங்கயாவது பழைய புத்தகக் கடைல கிடைச்சா, "இது 1.5 காலத்துப் புத்தகமாச்சே"ன்னு யோசிக்காம வாங்கிடுங்க. இன்ஸ்டாலேஷன், யூசர் மேனேஜ்மென்ட் சாப்டர் எல்லாம் தாண்டிடுங்க, அதெல்லாம் செத்துப் போச்சு, பாஸ்வேர்டு விஷயத்துல பழசை நம்பினீங்கன்னா 3.0ல உள்ளயே விடாது. ட்ரான்ஸாக்ஷன், இன்டெக்ஸ், லாக்கிங், பேக்கப் இதெல்லாம் அடிப்படைல அப்படியேதான் இருக்கு. சின்டாக்ஸுக்கு வயசாகற வேகத்துல ஆர்க்கிடெக்சருக்கு வயசாகறது இல்ல. இதே காரணத்துக்காக புதுசா வர டேட்டாபேஸ் புத்தகங்கள்ல கமாண்ட் லிஸ்ட்டா இருக்கறதை நான் வாங்கறதே இல்ல, ஸ்க்ரீன்ஷாட் அதிகமா இருந்தா கடைலயே திரும்ப வெச்சுடுவேன்.

அச்சடிக்கற செலவு இப்போ பிரச்சனையே இல்ல, ஒரு காப்பி கூட அடிச்சுக்கலாம். எழுதறவனோட ஒன்றரை வருஷத்தை யாரு தர்றதுங்கறதுதான் பிரச்சனை. மாஸ்கோ எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரு பெரிய யூசர் காசு போட்டா நடக்குது. டக்டிபி மாதிரி சட்டுனு ஹிட் ஆனா பதிப்பகமே ஓடி வருது, 2024லயே அதுக்கு மேனிங்லயும் பேக்ட்லயும் புத்தகம் வந்துடுச்சு. நடுவுல மாட்டிக்கிட்டதுக்கெல்லாம் வழி இல்ல. ஃபவுண்டேஷன்டிபியைப் பாருங்க, 2015ல ஆப்பிள் வாங்கி டவுன்லோடை இழுத்து மூடினாங்க, 2018ல ஓப்பன் சோர்ஸா திரும்ப விட்டாங்க, ஸ்னோஃப்ளேக் தன்னோட மெட்டாடேட்டாவையே அதுலதான் வெச்சிருக்கு, அவ்வளவு அருமையான என்ஜின், கத்துக்கணும்னா 2021 சிக்மாட் கான்ஃபரன்ஸ் பேப்பரும் டாக்குமென்டேஷனும்தான்.

போன மாசம் ஆபீஸ்ல புது ப்ராஜெக்ட், வேற ஒரு ஸ்டாக்கிஸ்ட் சாஃப்ட்வேர், முதல்லேர்ந்து எழுதப் போறோம். ஃபயர்பேர்டா போஸ்ட்கிரெஸான்னு மீட்டிங். இந்த வேலைக்கு ஃபயர்பேர்ட் போதும், இன்ஸ்டால் பண்றது சுலபம், ஒரே ஃபைல், கடைக்காரர் கிட்ட டேட்டாபேஸைப் பார்த்துக்கற டிபிஏ எல்லாம் கிடையாது, தூக்கிட்டுப் போய் பேக்கப் வெச்சுக்கலாம். இதெல்லாம் நானே சொன்னேன். டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு, "சார், இதை நான் எங்கேர்ந்து கத்துக்கறது?"ன்னு கேட்டா. என்கிட்ட இருந்த மூணு வால்யூமை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்துட்டு, "இது 2.5க்கு இல்ல சார்?"ன்னா. போஸ்ட்கிரெஸ்னா அவ கேக்கறதுக்கு முன்னாடியே பத்து புத்தகம் சொல்லலாம், அதுல நாலு இந்தியன் எடிஷன்லயே கிடைக்கும். கடைசில கை தூக்கச் சொன்னப்போ நான் போஸ்ட்கிரெஸுக்குத்தான் கை தூக்கினேன்.